பதினைந்து தேதித் தாள்கள்

ஆஸ்பத்திரி வாசலில் யாரும் "போயிட்டு வாரேன்" என்று சொல்வதில்லை. சொன்னால் மறுபடியும் அங்கே வந்து படுக்க நேரும் என்று பயம். வீட்டுக்குப் போகிற நோயாளி வாயை இறுக மூடிக்கொள்வார். சொந்தக்காரர்கள் பாய், தலையணை, தூக்குவாளியோடு தலையைக் குனிந்துகொண்டு நடப்பார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாங்களும் "போயிட்டு வாங்க" என்று சொல்லக்கூடாது. புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி வாய்தவறிச் சொல்லிவிட்டதற்கு, பிள்ளை பெற்றவளின் மாமியார் வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றினாள்.

டாக்டர், நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த வாசலில்தான் தொடங்குகிறது.

போன திங்கட்கிழமை என்னை உங்கள் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னீர்கள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. "மாடத்தி, வர்ற ஞாயித்துக்கிழமை டாக்டர்கள் கூட்டம். நம்ம தேதித் தாளப் பத்தித்தான் எல்லாரும் கேக்குறாங்க. நோயாளி வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்யணும்னு இவ்வளவு தெளிவா யாரும் எழுதிக் குடுக்கிறதில்லையாம். ஒனக்கு எப்படித் தோணுச்சுன்னு மேடையில அஞ்சு நிமிஷம் சொல்லு" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன். உங்களுக்குச் சந்தோஷம். யார் தலையை ஆட்டினாலும் சந்தோஷப்படுகிறவர் நீங்கள். ஆட்டுகிற தலைக்கெல்லாம் புரிந்துவிட்டது என்று மருத்துவக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது.

எனக்குப் பேச வராது. எழுத வரும். வன்னியம்பட்டியில் எங்கள் வீட்டுப் பருத்தி மூட்டைகளுக்குப் பின்னால் பதினோரு நோட்டுகள் இருக்கின்றன. ஒருவருக்கும் தெரியாது. இது பன்னிரண்டாவது. ஐந்து நிமிஷத்துக்கு இது கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. தமிழ்ப் பாடம் எடுத்த ஸாவித்ரி டீச்சர் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார். எனக்குச் சத்தம் வரவில்லை. "சத்தம் வர வரைக்கும் நில்லு" என்றார். அந்த வகுப்பு முழுக்க நின்றேன். மறுநாளும் நின்றேன். அதற்கு மறுநாளும் நின்றேன். நாலாம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அவ்வளவுதான். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நோட்டில்கூட அதிகம் எழுதவில்லை.

நாலு வருஷம் பருத்தி எடுத்தேன். பிறகு ராஜபாளையத்தில் உங்கள் நர்சிங் ஹோமில் கூட்டிப்பெருக்கச் சேர்ந்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஒருநாள் அங்காளம்மாள் சிஸ்டர் கண்டுபிடித்தார். மாத்திரை உறையில் பெயர் எழுதுகிற வேலை கிடைத்தது. வீட்டுக்குப் போகிறவர்களிடம் உறைகளைக் கொடுப்பதும் என் வேலையானது. அதனால் அந்த வாசலில் நடக்கிற கூத்தையெல்லாம் தினமும் பார்த்தேன்.

நீங்கள் நன்றாகத்தான் வைத்தியம் பார்த்தீர்கள். பத்து நாள் பார்த்த வைத்தியத்தைக் கடைசி இரண்டு நிமிஷத்தில் குப்பையில் போட்டீர்கள். நோயாளியின் ஒரு கால் வேனுக்குள் இருக்கும்போது, "வெள்ளை மாத்திரை ரெண்டு வேளை, மஞ்சள் ராத்திரி மட்டும், பதினஞ்சாம் நாள் வாங்க" என்பீர்கள். பிளவக்கல் சங்கையாவை உங்களுக்கு நினைவிருக்கும். கையில் மாவுக்கட்டு. ஒன்றரை மாதத்தில் பிரிக்கவேண்டியது. ஏழு மாதம் கழித்துக் கட்டோடு வந்தார். உள்ளே கை முருங்கைக்காய் மாதிரி ஆகியிருந்தது.

"ஏம்ப்பா இவ்வளவு நாள் வரல?"

"நீங்க வரச் சொல்லலயே ஐயா."

"சொன்னேனேப்பா. வாசல்ல வெச்சுச் சொன்னேன்."

அவர் மனைவி குறுக்கே வந்தாள். "வாசல்ல வெச்சு வா வான்னா எப்படிங்க ஐயா? நாந்தான் இவிய காதப் பொத்திக் கூட்டிட்டுப் போனேன்."

நீங்கள் சிரித்தீர்கள். சிஸ்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

மருந்துக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கிற புது வருஷத் தினசரிக் காலண்டர்கள் மாடிப்படிக்கு அடியில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. நோயாளி வீட்டுக்குப் போகும்போது மறுநாளிலிருந்து பதினைந்து தாள்களைக் கிழித்தேன். ஒவ்வொரு தாளிலும் அன்றைக்கு என்ன மாத்திரை, எப்போது, எத்தனை என்று எழுதினேன். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியனும் நிலாவும் வரைந்தேன். கோணி ஊசியால் தைத்துக் கொடுத்தேன். தினம் ஒரு தாள் கிழிக்கவேண்டும். கடைசித் தாளில் எழுத்து இல்லை. நம் நர்சிங் ஹோம் கேட்டும் வேப்பமரமும் மட்டும் வரைந்திருப்பேன். அந்தப் படம் வருகிற அன்று அவர்களே வந்து நிற்பார்கள். யாரும் யாரையும் "வா" என்று சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதைத்தான் உங்கள் கூட்டத்தில் யாரும் புரிந்துகொள்ளமாட்டார்கள். காலண்டர் தாளில் திதி அச்சிட்டிருக்கும். அமாவாசை, கார்த்திகை, ஏகாதசி, சஷ்டி. இந்தப் பக்கத்தில் மனிதர்கள் எந்த நாளில் சாப்பிடமாட்டார்கள் என்பது அதில் இருக்கிறது. சர்க்கரை மாத்திரை போடுகிறவர் சாப்பிடாமல் போட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நான் அந்தத் தாளைக் காட்டிப் புருவத்தை உயர்த்துவேன். "ஆமா தாயி, அன்னைக்கு ஒருபொழுது" என்பார்கள். முன்பு ஒரு தடவை சீட்டெழுதி உங்களிடம் கேட்டுவைத்திருந்தபடி, அந்தத் தாளில் மட்டும் சிவப்பு மையில் எழுதுவேன்: சாப்பிடாவிட்டால் இந்த மாத்திரை வேண்டாம்.

நாலு வருஷம் இப்படி நடந்தது. நாலு வருஷத்தில் நீங்கள் ஒரு தடவைகூட அந்தத் தாள்களைப் படித்துப் பார்க்கவில்லை.

தொண்ணூறாம் வருஷம் ஐப்பசியில் மதுரையில் ஏதோ பெரிய ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். சிவகாசியில் ஐயாயிரம் அட்டை அடித்து வந்தது. வழவழப்பான அட்டை. ஒரு மூலையில் கொழுகொழு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. சர்க்கரை நோய்க்காரனுக்கும் அதே குழந்தை, கால் ஒடிந்தவனுக்கும் அதே குழந்தை. கீழே கொட்டை எழுத்தில், "தினமும் தவறாமல் மருந்து உட்கொள்ளவும்". நடுவில் இருந்த கட்டங்களில் சிஸ்டர் டிக் அடிப்பார். பிறகு வாசலில் நின்று வார்டு அதிர வாசிப்பார். "வெளங்குச்சா?" என்பார். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள்.

"ஏட்டி மாடத்தி, ஒன் காலண்டரையெல்லாம் கட்டிப் பரண்ல போடு" என்றார் சிஸ்டர். "இனிமே இங்க கிளி ஜோசியம் கெடையாது."

நான் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதிக் கொடுத்தேன். ஒரு சின்னத் தாளில், "ஐயா, அட்டைக்கு ஏகாதசி தெரியாது" என்று எழுதி உங்கள் மேஜையில் வைத்தேன். நீங்கள் படித்துவிட்டுச் சிரித்து, சிஸ்டரிடம் கொடுத்தீர்கள். அவர் அதை வார்டுக்கு எடுத்துவந்து நடுவில் நின்று வாசித்தார். "வாயத் தொறக்க வக்கில்ல, எழுத்துல எம்புட்டுக் கொழுப்புன்னு பாத்தீகளா? டாக்டருக்கே பாடம் எடுக்கா." படுத்திருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். வயிற்றில் தையல் போட்டவள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குக் கோபமில்லை. யோசித்துப் பார்த்தேன். டாக்டர்களுக்கு எழுதிக் காட்டினாலும் புரியாது, சொன்னாலும் புரியாது. அவர்களுக்கு ஒரு நோயாளியைக் காட்டவேண்டும். அட்டை ஆபத்தானது என்பதற்கு ஒரே ஒரு நோயாளி போதும். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் பிழைப்பார்கள். இது சாதாரணக் கணக்கு. நான் புதிதாக எதுவும் செய்யவேண்டியதில்லை. செய்துகொண்டிருந்த ஒன்றைச் செய்யாமல் இருந்தால் போதும். நீங்களே நிறுத்தச் சொன்ன வேலைதான் அது.

மார்கழியில் ஸாவித்ரி டீச்சர் வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மாட வீதியில் மகள் கோதைநாயகியோடு இருந்தார். காலில் சர்க்கரைப் புண். ஒன்பது நாள் இருந்தார். தினமும் காலையில் அவருக்கு மாத்திரை கொண்டுபோனேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எத்தனை பிள்ளைகளை நிற்கவைத்தவர். அவர் வந்தது தற்செயல். யார் வந்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்.

புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பினீர்கள். வெள்ளிக்கிழமை வைகுண்ட ஏகாதசி. அவர் வீட்டில் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. சிஸ்டர் அட்டையை வாசித்தார். சர்க்கரை மாத்திரை காலையிலும் இரவிலும், தினமும், தவறாமல். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை இரண்டு தடவை வாசித்தார். படித்தவர் அல்லவா. நான் உறைகளைக் கொடுத்தேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போய்விட்டார்.

ஏகாதசியன்று காலையில் மாத்திரை போட்டுக்கொண்டார். பட்டினியாகப் பரமபத வாசல் பார்க்கப் போனார். இரவும் போட்டுக்கொண்டார். துவாதசி காலையில் அகத்திக்கீரை சமைத்துவைத்துவிட்டு, சாப்பிட வரச் சொல்லி மகள் எழுப்பினாள். அவர் எழுந்திருக்கவில்லை.

இனிமேல் உங்களுக்குப் புரிந்துவிடும், அட்டைகளை அடுப்பில் போடுவீர்கள் என்று காத்திருந்தேன். இந்த ஊரைப் பற்றி எவ்வளவோ தெரிந்தும் ஒன்றை மறந்துவிட்டேன். வைகுண்ட ஏகாதசி விரதத்தோடு ஒருவர் செத்தால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். தெருவே கொண்டாடியது. அப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மூச்சு இருந்ததா என்றுகூட யாராவது சரியாகப் பார்த்தார்களா, தெரியாது. பதின்மூன்றாம் நாள் முடிந்து கோதைநாயகி பழத்தட்டோடு உங்களைப் பார்க்க வந்தாள்.

"அம்மா கொடுத்துவெச்சவ, டாக்டர். கால் புண்ணோட மார்கழியத் தாண்டுவாளான்னு பயந்துண்டு இருந்தேன். உங்க மருந்துதான் ஏகாதசி வரைக்கும் கொண்டுபோய்ச் சேத்துது. நீங்க சொன்ன மாதிரி கடைசி வரைக்கும் ஒரு வேளை தவறல."

நீங்கள் அடக்கமாகச் சிரித்துக்கொண்டீர்கள். அந்தப் பழத்தில் எனக்கும் ஒன்று கொடுத்தீர்கள். சாப்பிட்டேன்.

ஒரு சாவு வீணாகிவிட்டது. எனக்கு வருத்தமாக இருந்தது. கொண்டாட முடியாத ஒருவர் வேண்டியிருந்தது.

பங்குனியில் சமுத்திரம் வந்தார். பஞ்சுக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர். நாற்பது வயது, ஆள் கட்டுமஸ்தானவர், சர்க்கரை மட்டும் ஏறிக் கிடந்தது. வீட்டுக்குப் போகிற அன்று அவர் மனைவி மடியில் மஞ்சள் வேட்டி வைத்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மன் கோவிலில் பூக்குழி இறங்க நேர்ந்திருந்தார்கள். இறங்குகிற அன்று இறங்கி முடிக்கும்வரை ஒன்றும் சாப்பிடமாட்டார்கள். சிஸ்டர் அட்டையை வாசித்தார். "வெளங்குச்சா?" சமுத்திரம் தலையை ஆட்டினார். அவர் மனைவியும் ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

நெருப்புக்கு இருபதடி தள்ளி, வரிசையில் நிற்கும்போது விழுந்துவிட்டார். சுத்தபத்தமாக இருக்கவில்லை, அதனால்தான் அம்மன் தள்ளிவிட்டுவிட்டாள் என்று கூட்டம் பேசியது. அவர் மனைவி அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அவளுக்குப் படிப்பு கிடையாது, அதனால் கொஞ்சம் புத்தி இருந்தது. ஒரு வேனை மறித்து உங்களிடம் கொண்டுவந்தாள். நீங்கள் குளுக்கோஸ் ஏற்றினீர்கள்.

"என்னம்மா சாப்பிட்டாரு?"

"விரதம்லா ஐயா. ஒண்ணும் சாப்பிடல."

"மாத்திரை போட்டாரா?"

"போட்டாவ. தவறாமப் போடணும்னு சிஸ்டர் வாசிச்சாவள்லா. பாருங்க." மஞ்சள் வேட்டியின் முடிச்சை அவிழ்த்து அட்டையை நீட்டினாள். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"மாடத்தி, அந்தக் காலண்டரெல்லாம் எங்க இருக்கு?"

பரணில் இருந்தது. அந்த வருஷத்துக் கட்டையும் சேர்த்துத் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன்.

சமுத்திரம் பிழைத்துக்கொண்டார். நாக்கு மட்டும் குழறிப்போய்விட்டது. இப்போது என்னைப்போல் சைகையில்தான் பேசுகிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடைசித் தாளோடு வருகிறார், ஒருநாள் தவறியதில்லை. என்னைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுகிறார். நானும் கும்பிடுகிறேன்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஆகிவிட்டது. விரத நாளில் மாத்திரை போட்டு ஒருவரும் நம் வாசலுக்குத் திரும்பி வரவில்லை. மிச்சமிருந்த அட்டைகளின் முதுகில் சிஸ்டர் பால் கணக்கு எழுதினார். இப்போது அவரே புது நர்ஸ்களிடம், "மாடத்தி எழுதுத வரைக்கும் யாரையும் வாசலத் தாண்ட விடாத" என்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு ஆஸ்பத்திரியில் இதே மாதிரி தாள் தைக்கிறார்கள். எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். மறுபக்கம் ஒரு கிழவியும் ஒரு நாக்கும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கப்போகிற டாக்டர்கள் யாரும் இவ்வளவு குறைவான சேதத்தில் இவ்வளவு பேரைக் காப்பாற்றியிருக்கமாட்டார்கள்.

எனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டீர்கள். இப்படித்தான்.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு இடத்தில் பொய் இருக்கிறது. என் நோட்டுகளில் பொய் கிடையாது, அதனால் திருத்திவிடுகிறேன். முதல் நோட்டிலும் இரண்டாவது நோட்டிலும் டீச்சர் என்னை நிற்கவைத்த அந்த மூன்று நாட்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. அது பெரிய விஷயமில்லை. நான் சொல்கிற பொய் வேறு.

டீச்சர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்று எழுதினேன். கேட்டார்.

மகள் கார் வந்துவிட்டதா என்று பார்க்கப் போயிருந்தாள். சிஸ்டரை வார்டுக்குள் யாரோ கூப்பிட்டார்கள். வாசல் பெஞ்சில் டீச்சரும் பக்கத்தில் நானும் மட்டும். அவர் அட்டையில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, தவறாமல்னு போட்டிருக்கே. நாளன்னிக்கு வைகுண்ட ஏகாதசி. நான் தீர்த்தம்கூடச் சேத்துக்க மாட்டேன். அன்னிக்கும் இந்த மாத்திரையப் போட்டுக்கணுமா?"

நாலு வருஷத்தில் ஒரு நோயாளிகூடத் தானாகக் கேட்காத கேள்வி அது. சரியான கேள்வி. நான் பதில் பேசவேண்டிய அவசியமே இல்லை. வேண்டாம் என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டியிருந்தால் போதும். அது எனக்கு நன்றாக வரும். பேசாமல் இருந்திருந்தால்கூட அவர் உள்ளே போய் உங்களைக் கேட்டிருப்பார்.

எனக்குச் சத்தம் வந்தது.

"போட்டுக்கணும் டீச்சர். ஒரு வேளைகூட விடக்கூடாது. மாத்திரைக்கு ஒரு வாய்த் தண்ணி, பெருமாள் ஒண்ணும் சொல்லமாட்டார்."

ஒரு எழுத்துக்கூடக் குழறவில்லை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர்ங்கறே. எங்கிட்ட படிச்சவளா?"

"ஒன்பதாம் வகுப்பு. மூணு நாள் நின்னேன்."

"சுடலைமாடத்தியா நீ?" அவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. என் கன்னத்தைத் தட்டினார். "அசடே, எவ்வளவு கணீர்னு பேசறே. இதுக்குத்தானடி அன்னிக்கு நிக்க வெச்சேன்."

கார் வந்துவிட்டது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசற்படி இறங்கினார். அந்த வாசலில் யாரும் செய்யாத காரியமாகத் திரும்பிப் பார்த்து, "போயிட்டு வரேண்டி" என்றார். கோதைநாயகி பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினாள்.

"போயிட்டு வாங்க டீச்சர்" என்றேன். அதுவும் சத்தமாகத்தான் வந்தது.

அதற்கு முன்னும் பின்னும் நான் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. வீட்டுக்குப் போன அந்த இரண்டு நாளும் டீச்சர் என்னை நினைத்துப் பெருமைப்பட்டிருப்பார் என்றுதான் நம்புகிறேன்.